சாம்பெசி ஆற்றங்கரையில் இருவருக்கு மூன்று இரவு

சாம்பியாவின் லோயர் சாம்பெசி தேசியப் பூங்காவுக்குத் தேனிலவு போவதென்றால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போய்விடுங்கள். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மழைக்காலத்தில் பெரும்பாலான லாட்ஜ்கள் மூடியிருக்கும்.

லுசாகாவிலிருந்து சிறு விமானம்தான் வசதி. பெட்டி விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் சாமான் அறைக்குள் நுழையாது. மடங்கும் துணிப்பை வேண்டும். எடை வரம்பு பெரும்பாலும் 15 கிலோவை ஒட்டியே இருக்கும். கறுப்பு, கருநீல உடை வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்களுக்கு அந்த நிறங்கள் மேல் தனி மோகம். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கிளம்புமுன்பே பாருங்கள்.

இங்கே உயிர் ஆறுதான். மாலையில் துடுப்புப் படகில் போங்கள். வழிகாட்டி ஆழத்தை விட்டு விலகி, ஆழமில்லாத ஓரமாகவே ஓட்டுவார். ஆழம் நீர்யானையின் இடம். துடுப்பால் படகின் விளிம்பைத் தட்டித் தட்டிப் போவதும் அதற்கு நம் வரவைச் சொல்லத்தான். எதிர்க்கரை ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்கா. கரையோர வேல இன மரங்களின் சுருண்ட காய்களை யானைகள் தும்பிக்கையால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தின்னும். அதைப் பார்க்க ஒரு மாலை முழுக்க ஒதுக்கலாம்.

மணல்திட்டில் தனி இரவுச் சாப்பாடு, ஆற்றைப் பார்த்த அறை இரண்டையும் பதிவின்போதே கேளுங்கள். பல லாட்ஜ்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலர் வராமல் அறையை விட்டு இறங்காதீர்கள். பழம் எதையும் அறையில் வைக்காதீர்கள், வாசனைக்கு யானை வரும்.