பித்தளை நுணுக்குக்காட்டிகள்

உயர்தர வகுப்பில் தாவரவியல் ஆசிரியர் றியோ என்ற செடியின் இலையிலிருந்து ஊதாத் தோலை பிளேட்டால் உரித்து வழுக்கியில் வைத்து, ஒரு துளி சீனிக் கரைசல் விடுவார். ஊதா நிறம் கலச்சுவரை விட்டு மெல்ல மெல்லச் சுருங்கும். முதலுருச்சுருக்கத்தை நான் கண்ணால் கண்டது அப்படித்தான். ஆய்வுகூடத்தில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு நிற நுணுக்குக்காட்டிகள். ஒன்று மட்டும் பித்தளை. லண்டன் ஹை ஹோல்போர்ன் 313ஆம் இலக்க வாட்சன் கம்பனியின் பெயர் அதில் பொறித்திருக்கும்.

இங்கிலாந்துக்கு வந்து வேலையும் வீடும் ஒரு நிலைக்கு வந்த பிறகு அந்த முகவரியைத் தேடிப் போனேன். கடை எப்போதோ போய்விட்டது. அப்புறம் பழைய பித்தளை நுணுக்குக்காட்டிகளைத் தேடி சந்தை, ஏலம் என்று அலையத் தொடங்கியவன்தான், இன்னும் விடவில்லை.

1830இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற வைன் வியாபாரி, வில்லைகளை எப்படி அடுக்கினால் நிறவிளிம்பும் மங்கலும் குறையும் என்று எழுதினார். சத்திரசிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த லிஸ்டர் இவருடைய மகன். அதற்குப் பிறகு ரொஸ், பவல், ஸ்மித் ஆகியோரின் பட்டறைகள் போட்டிபோட்டுக்கொண்டு அற்புதமான கருவிகள் செய்தன. 1858இல் பொருளியின், அதாவது பார்க்கும் பொருளுக்கு அருகில் இருக்கும் வில்லைக் குழாயின், திருகுப்புரிக்கு ஒரே அளவு வகுத்தார்கள்: விட்டம் 0.8 அங்குலம், அங்குலத்துக்கு 36 புரி. விஞ்ஞானத்துக்கு அது பெரிய வசதி. சேகரிப்பவருக்கோ தலையிடி, ஏனென்றால் ஒருவர் செய்த நுணுக்குக்காட்டியின் உடலில் இன்னொருவர் செய்த பொருளி அப்படியே பொருந்திவிடும். அதனால் பொருளி வைக்கும் சின்னப் பித்தளைக் குப்பியின் மூடியை முதலில் பாருங்கள். செய்தவர் பெயரும், ‘1/4’ என்பதுபோல் அங்குலத்தில் குவியத்தூரமும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்குவதுபோல இவற்றை மினுக்காதீர்கள். பித்தளையைச் சூடாக்கி, மதுசாரத்தில் கரைத்த அரக்கைத் தூரிகையால் பூசியிருப்பார்கள். அந்தத் தேன் நிறம் அதனால் வந்தது, தேய்த்தால் போய்விடும். என்னிடமுள்ள பெக் கம்பனி நுணுக்குக்காட்டி ஒன்றை முன்பு வைத்திருந்தவர் பளபளவென்று தேய்த்துவிட்டார். பெயரின் எழுத்தோரங்கள்கூட மழுங்கிவிட்டன. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தாலே போதும்.

தொடங்க விரும்பும் தம்பி தங்கையருக்கு பவல் அன்ட் லீலண்ட் கம்பனியின் கருவிகள் கைக்கு எட்டாத விலை. வாட்சன் அல்லது லைட்ஸ் கம்பனியுடையதைப் பார்க்கலாம். குவியப்படுத்தும் திருகு இறுகியிருந்தால் முறுக்கவேண்டாம், பழைய கிரீஸ் காய்ந்திருக்கும். வாங்குமுன் ஒக்ஸ்போர்ட் விஞ்ஞான வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். றோயல் மைக்கிரொஸ்கொப்பிக்கல் சொசைட்டியின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. அனுமதி இலவசம்.