நாற்பது பெட்டிகளும் ஒரு தொட்டியும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கணினி அமைப்பின் வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். நாற்பது பெட்டிகள், நடுவே அம்புக்குறிகள். எது எதோடு பேசுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்கு அதை மனப்பாடம் செய்தேன். ஆனால் ஒரு நாள் எல்லாம் ஸ்தம்பித்தபோது அந்தப் படம் வாயே திறக்கவில்லை.

அன்று பயனர் கூட்டம் வழக்கமான அளவுதான். சர்வர்களும் ஏறக்குறைய சும்மாவே இருந்தன. பெட்டி பெட்டியாகத் துழாவிக்கொண்டிருந்த என்னிடம் மூத்தவர் ஒருவர், “அதை விடுப்பா, ஒரு தொட்டி வரை” என்றார். குழாயில் வருவது, அடியில் வெளியேறுவது, இடையில் தேங்குவது. அவ்வளவுதான் படம்.

அப்புறம் கணக்குப் போட்டோம். பயனர்களிடமிருந்து நொடிக்கு 40 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் அரை நொடி தங்குகிறது என்றால் உள்ளே சராசரியாக 20 இருக்கும். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்க வேண்டியதுதான். 1961இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபணம் வெளியிட்ட விதி இது. விதி என்று சொல்லவே கூச்சப்படுமளவுக்கு எளிது. தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் மந்தமாகி அரை நொடி 2 நொடியானால், 20 என்பது 80 ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் டேட்டாபேஸோடு பேச ஒரு இணைப்பு வேண்டும். எங்களிடம் இருந்த இணைப்புகளோ 50. ஒரு ஆள்கூடக் கூடாமல் தொட்டி வழிந்த ரகசியம் ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

விளங்கிய மிதப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். இணைப்புகளை 100 ஆக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது! ஏற்கெனவே திணறிய டேட்டாபேஸின் தலையில் இரட்டைச் சுமை. போதாக்குறைக்கு, பதில் வராத செயலிகள் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பத் தொடங்கியிருந்தன. நான் வரைந்த குழாய் தன்பாட்டுக்கு ஒரே சீராக ஊற்றியது. நிஜத்திலோ தொட்டி நிறைய நிறைய அது இன்னும் வேகமாக ஊற்றியது.

மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நீர்மட்டத்திலிருந்து குழாய்க்கு ஒரு அம்புக்குறி போட்டார். இணைப்புகளை மறுபடி 50க்குக் கொண்டுவந்தோம். மறுமுயற்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும்படி மாற்றினோம். மந்தத்துக்குக் காரணமான, இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) இல்லாத வினவலை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியைச் சரிசெய்தது மறுநாள்தான்.

இப்போது எந்தப் படம் வரைந்தாலும், எதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று ஓரத்தில் எழுதிவைக்கிறேன். அந்த நாற்பது பெட்டிப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. நடுராத்திரியில் எந்தக் குழுவை எழுப்புவது என்று பார்க்க அதுதான் வசதி.