பொடி வராத புள்ளி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. சேலத்தில் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். லீவு கிடைத்தால் மலை ஏறிவிடுவேன். மழை ஓய்ந்த சமயம் தோட்டத்தில் இறங்கினால் எனக்கு முதல் வேலை இலைகளைத் திருப்பிப் பார்ப்பது. மேலே வெளிறிய மஞ்சள் புள்ளி, அடியில் ஆரஞ்சு நிறப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். இலைத்துரு. 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கே காப்பியையே ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட அதே பூஞ்சை.

போன முறை பக்கத்துத் தோட்டத்து மாமா ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, புள்ளி விழுந்து ரொம்ப நாளாச்சு, பொடியே வரல. இதுக்கும் மருந்தடிக்கணுமா?" என்றார். எத்தனை நல்ல கேள்வி! இலையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

அந்த ஆரஞ்சுப் பொடிதான் துருப் பூஞ்சையின் வித்து. அது இலையின் அடிப்பக்க ஈரத்தில் முளைக்கும். இலைத்துளை வழியாகத்தான் உள்ளே நுழையும். காப்பி இலைக்கு அந்தத் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. உள்ளே போனதும் செல்களுக்கு நடுவே இழையாகப் பரவி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சின்ன உறிஞ்சியை நுழைக்கும். செல்லின் சவ்வை அது கிழிப்பதில்லை. சவ்வு மடங்கி உறிஞ்சியைச் சுற்றி உறையாகிவிடும். செல் உயிரோடு இருந்தால்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு. அதனால் செல்லின் எதிர்ப்பை அடக்க, தன் புரதங்களையும் உள்ளே அனுப்புகிறது.

எதிர்ப்புள்ள செடியில் அந்தப் புரதத்தை அடையாளம் காணும் காவல் புரதம் செல்லுக்குள்ளேயே இருக்கும். கண்டுவிட்டால் செல் தானே செத்துவிடும். பூஞ்சை பட்டினி. மாமா கொண்டுவந்த இலையில் இருந்தது அப்படிச் செத்த செல்களின் தடமாகத்தான் இருக்க வேண்டும்.

செல் எப்படிச் சாகிறது என்பது அண்மையில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. 2019இல் சீன ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் ஒரு காவல் புரதத்தை, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். ஆபத்தை உணர்ந்ததும் ஐந்து மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு சக்கரமாகின்றன. ரெசிஸ்டோசோம் என்று பெயர். சக்கரத்தின் நடுவிலிருந்து புனல் போன்ற முனை நீண்டு செல் சவ்வில் இறங்குகிறது. அந்த வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது என்று 2021இல் காட்டினார்கள். 2022இல் கோதுமையின் எஸ்ஆர்35 புரதத்திலும் அதே ஐந்து பேர் சக்கரம்! அது தண்டுத்துருவை எதிர்க்கும் புரதம், அதாவது எங்கள் காப்பித்துருவின் உறவுக்காரப் பூஞ்சையை. அந்தப் படத்தை வகுப்பில் பலகையில் வரைந்தபோது எனக்கே கை பரபரத்தது.

காப்பியிலும் இந்த வகைக் காவல் புரதங்களுக்கான மரபணுக்கள் உண்டு. நம் மலையில் எல்லோருக்கும் பழக்கமான எஸ்.795 என்ற அராபிகா காப்பி ரகத்துக்கு, லிபெரிகா என்ற வேறு காப்பி இனத்தின் வழியாக வந்த எஸ்ஹெச்3 என்ற எதிர்ப்புப் பகுதியில் இவை வரிசையாக இருக்கின்றன.

ஒரு விஷயம் எனக்குப் பொறுக்காது. "அந்த ரகம் வீரியம் போச்சு" என்று தோட்டக்காரர்கள் செடியைக் குறை சொல்வார்கள். செடி அப்படியேதான் இருக்கிறது. மாறியது பூஞ்சை. அதன் புரதம் கொஞ்சம் மாறினாலும், இல்லாமலே போனாலும், காவல் புரதத்துக்கு அடையாளம் தெரியாது. இப்படி இந்த ஒரே காப்பித்துருவில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உலகத்தில் உருவாகியிருக்கின்றன. ஒரே எதிர்ப்பை நம்பித் தோட்டம் முழுக்க ஒரே ரகம் வைப்பது ஆபத்து என்பேன்.

மாமாவிடம் சொன்னது இதுதான்: புதுப் புள்ளி என்றால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள், துரு பொடி தள்ளவே நாளாகும். அதற்கப்புறமும் வரவில்லை என்றால் அந்தச் செடிக்கு ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், விதை எடுத்தால் நாற்று ஏறக்குறைய தாயைப் போலவே வரும். மற்ற செடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழைக்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள், இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி.

சேர்வராயன் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது இப்படிப் புள்ளியோடு நின்றுபோன செடி பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், என்ன ரகம் என்பதையும் சேர்த்து.