எந்த ஸ்பூன், எந்த டம்ளர்?

பழவேற்காடு, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை என்று தமிழ்நாடு, ஆந்திரா இரண்டையும் தொடும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கப் போகிறவரின் பையில் கையேடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு லிட்டர் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கான கரைசல், கிணற்றுக்கு மருந்து, கருவாட்டுக்கு உப்பு என்று இங்கே சொல்லிக்கொடுப்பதில் பாதி அளவைப் பற்றியது. அந்த அளவு தப்புவது பெரும்பாலும் வீட்டுப் பாத்திரத்தில்தான்.

உப்பு சர்க்கரைக் கரைசலையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் குடிநீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லோரும் ஒப்பிப்பார்கள். டீஸ்பூன் என்பது 5 மில்லி. வீட்டில் ‘ஒரு ஸ்பூன் கொண்டாம்மா’ என்றால் வருவது சாம்பார் ஊற்றும் ஸ்பூனாகவோ சாப்பிடும் ஸ்பூனாகவோ இருக்கும். அது இரண்டு மடங்கு பிடிக்கும், சிலது மூன்று மடங்கு. அதையும் தலைதட்டாமல் குவித்துப் போடுவது நம் கைப்பழக்கம். தண்ணீர்ப் பக்கம் வேறு கதை. ‘ஐந்து டம்ளர் ஒரு லிட்டர்’ என்று சொல்லிக்கொடுத்தால் அது 200 மில்லி டம்ளருக்குத்தான் சரி. காபி குடிக்கும் 150 மில்லி எவர்சில்வர் டம்ளரில் ஐந்து ஊற்றினால் முக்கால் லிட்டர்தான் சேரும். உப்பு கூடி, தண்ணீர் குறைந்து, இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்கின்றன. உப்பு மிகுந்த கரைசல் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றும். சிணுங்கல், மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். உப்பு கொஞ்சம் குறைந்தால் பலன் குறையும், அந்த அபாயம் வராது. ஆகவே சந்தேகம் வந்தால் குறைத்தே போட வேண்டும். கலக்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும்: கண்ணீரைவிடக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலக்க வேண்டும்.

இந்த ஏரிக்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் அரை டீஸ்பூன் உப்பு போட்டால் கணக்கு அங்கேயே தப்பிவிடும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, நீர் வற்றி இன்னும் கூடும். இந்தக் கரைசலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ நல்ல குழாய்த் தண்ணீரோ வேண்டும். கல் உப்பும் கூடாது. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் ஸ்பூனுக்கு ஸ்பூன் எடை மாறும். தூள் உப்பே சரி.

கடையிலோ ஆஸ்பத்திரியிலோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (இதே கரைசலுக்கான ஆயத்தப் பொடி) கிடைத்தால் அதுவே மேல். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் ஒரே தடவை கொட்டிக் கரைக்க வேண்டும். ‘குழந்தை குடிக்கிறது அரை டம்ளர்தானே’ என்று கொஞ்சம் பொடியைக் கிள்ளிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பொடியில் உப்பும் குளுக்கோஸும் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலந்திருக்காது. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஊற்றிவிடலாம். ஒவ்வொரு தடவை வயிற்றால் போனதும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடர வேண்டும். கூடவே தரும் ஜிங்க் மாத்திரை 14 நாளைக்கு. மூன்றாம் நாள் வயிறு நின்றதும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. இதை வகுப்பில் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

அடுத்தது கிணறு. தெலுங்கில் கிணற்றுக்கு ‘பாவி’ என்று பெயர். ‘பாவிக்கு மருந்து போடணும்’ என்று தடாப் பக்கத்துக்காரர் ஆரம்பித்தால் தமிழ்க் கூட்டத்தில் சிரிப்பு நிச்சயம். தூங்குகிறவர்களை எழுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

2023 டிசம்பரில் வந்த மிச்சாங் போன்ற புயல் மழைக்குப் பிறகு ஆளாளுக்கு பிளீச்சிங் பவுடரை அள்ளி வீசுவார்கள். அளவு என்னவோ மிகச் சிறியது: 1000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர் வரும். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். மணல் பகுதியில் நாலடி உறைக்கிணறுதான் சாதாரணம். விட்டம் 1.2 மீட்டர், தண்ணீர் 2 மீட்டர் என்றால் சுமார் 2260 லிட்டர். தேவையான பவுடர் ஆறு கிராமுக்கும் குறைவு. இதைக் கேட்டதும் யாரும் நம்ப மாட்டார்கள், கணக்கை அவர்கள் கையாலேயே போட வைக்க வேண்டும்.

பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, வாளியில் முக்கால் பங்கு நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, ஏற்றி இறக்கி நன்றாகக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீர் கடினமாகும், பருப்பு வேகாது. ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பிறகு சோதித்தால் மிச்ச குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி போட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணறாக இருந்தால் முதலில் கலங்கலை இறைத்துவிட வேண்டும். சேறு குளோரினைத் தின்றுவிடும். வாய் திறந்து மாதக் கணக்கில் கிடந்த மூட்டையை நம்ப வேண்டாம். உப்புக் காற்றும் ஈரமும் பட்ட பவுடரில் வாசனை மிஞ்சும், வீரியம் மிஞ்சாது.

வகுப்பை எந்த நேரத்தில் வைப்பது என்பதை அலுவலகக் கடிகாரம் தீர்மானிக்கக் கூடாது. காலையில் பெண்கள் மீன் ஏலத்தில் இருப்பார்கள். சோறு வடித்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன் உள்ள ஒன்றரை மணி நேரம்தான் உண்மையான நேரம். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மகளிர் குழு; அந்தப் பக்கம், ஆந்திராவில், அதற்கு டுவாக்ரா என்று பெயர். தடா 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவது என்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

கருவாட்டு வகுப்பில் சொல்லிக்கொடுக்க வருகிறவர்தான் மாணவர். ஆனாலும் இரண்டு மூன்று விஷயம் பேசத் தகுந்தவை. மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. பெரிய மீனைக் கீறி, குடல் எடுத்து, கழுவி, நீர் வடிந்த பிறகே உப்பு போட வேண்டும். உப்பிட்ட மீனை உச்சி வெயிலில் போட்டால் மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். பார்க்கக் காய்ந்திருக்கும், பத்து நாளில் நாறும். முதல் நாள் காற்றோட்டமான நிழல் நல்லது. மூட்டையில் ரோஜா நிறம் படர்வது உப்பிலேயே வாழும் நுண்ணுயிரியின் வேலை, அழுக்கு உப்பில் வருவது. மணலில் பரப்பாமல் இடுப்பளவு உயரத்தில் பழைய வலை கட்டிக் காயவைத்தால் பல்லில் நறநறக்காது, கீழிருந்தும் காற்று புகும். ஈ மொய்க்கிறது என்று பூச்சி மருந்து தெளிக்கும் பழக்கத்தை மட்டும் நேராகவே கண்டிக்க வேண்டும்.

திருக்கை முள் குத்தினால் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று வைத்தியம் பல. அந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் கெடும். சுமார் 45 டிகிரி வெந்நீரில் குத்துப்பட்ட காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். நீர் ஆற ஆறச் சூட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வலி நின்றாலும் ஒடிந்த முள் உள்ளே இருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. தெர்மாமீட்டர் எந்த வீட்டில் இருக்கும்? தாங்கக்கூடிய அதிகபட்ச சூடு என்பதுதான் இங்கே அளவு. அதைப் பக்கத்தில் இருப்பவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கிறவருக்குத் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது.