ரஹீம் சாப் காலம்: டிசம்பர், ஜனவரிக் குறிப்புகள்

டிசம்பர் 18

சாம்பிளை லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு வேலை நாள் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார்கள். நடுவில் கிறிஸ்துமஸ் இருக்கிறது.

பெரியப்பா மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி: "தெலங்கானா மேட்ச் என்ன ஆச்சு?" ஐதராபாத்தில் சந்தோஷ் டிராபி நடக்கிறது, மாநில அணிகளின் கால்பந்துப் போட்டி.

டிசம்பர் 19

காலையில் நர்ஸ் வந்து வலி எவ்வளவு, பத்துக்குள் சொல்லுங்கள் என்று தெலுங்கில் கேட்டாள். பெரியப்பா ஐந்து விரலைக் காட்டினார். அவள் ஐந்து என்று எழுதிக்கொண்டாள். அவள் போன பிறகு மாஸ்க்கை லேசாக விலக்கி, "வலி இல்லம்மா, ரோவர்ஸ் கப் சொன்னேன்" என்றார். ஐதராபாத் போலீஸ் அணி தொடர்ந்து எத்தனை முறை ரோவர்ஸ் கால்பந்துக் கோப்பை வாங்கியது என்று நேற்று இரவு நான் கேட்ட கேள்விக்கு இன்று பதில் வந்திருக்கிறது.

1950, 51, 52, 53, 54. ஐந்து வருடமும் ரோவர்ஸ் கோப்பை ஐதராபாத் சிட்டி போலீசுக்குத்தான். பம்பாய் கூப்பரேஜ் மைதானத்தில், ஊர் பேர் பெரிதாக உள்ள எல்லா அணிகளையும் தாண்டி. 1950இல் டூராண்ட் கோப்பையும் அவர்களுக்கே, இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மோகன் பகான். 54இல் மறுபடி டூராண்ட். ஒரு நகரத்துப் போலீஸ்காரர்கள் அணி இது. பகலில் டியூட்டி பார்த்தவர்கள். இந்திய கால்பந்தின் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தாலே நேராக 1962 ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கு, ஜகார்த்தாவுக்குப் போய்விடுகிறார்கள். ஜகார்த்தாவுக்கு வேர் இங்கே இருந்தது. கால்பந்து என்றால் கொல்கத்தா என்று இருந்த காலத்தில், கோப்பைகள் வரிசையாகத் தெற்கே ரயில் ஏறி வந்தன. பெரியப்பாவுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. திருமலகிரியில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்டது சட்டைக்காக இல்லை, பந்துக்காக என்பார்.

அந்த ஆட்டங்களின் படச்சுருள் எதுவும் என் கையில் சிக்கவில்லை. கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் சில கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஓடுவது எப்படி, திரும்புவது எப்படி என்பதெல்லாம் இந்த மாஸ்க்குக்குப் பின்னால்தான் இருக்கிறது.

டிசம்பர் 20

காய்ச்சல் 101. இன்று பேச்சே இல்லை.

டிசம்பர் 21

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி அரை டம்ளர் குடித்தார்.

ரஹீம் சாப் பற்றி எழுத வேண்டும். சையத் அப்துல் ரஹீம். முதலில் பள்ளிக்கூட வாத்தியார். உஸ்மானியாவில் பட்டம் வாங்கி, காச்சிகுடா பக்கம் பையன்களுக்குப் பாடம் சொன்னவர். 1943இலிருந்து கடைசி வரை ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். 1950இல் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர், பிறகு இந்திய அணிக்கும். அவர் நடத்திய சில போட்டிகளைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. வலது கால்காரன் இடது காலால் மட்டும்தான் ஆட வேண்டும். பரிசுக்குரிய போட்டியே அப்படி! வழக்கமான காலால் தொட்டால் தவறு. பையன்கள் முதலில் தடுமாறி விழுவார்களாம், பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்களாம். ஒரு சீசன் போனால் யார் எந்தக் கால்காரன் என்று எதிரணிக்குத் தெரியாது. ஒரே தொடலில் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு விதி. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டியவனை வெளியே உட்கார வைப்பார்.

4-2-4 என்ற அமைப்பை, பின்னால் நான்கு பேர், நடுவில் இரண்டு, முன்னால் நான்கு, உலகம் 1958இல் பிரேசில் ஆடித்தான் கற்றுக்கொண்டது என்று சொல்வது வழக்கம். ரஹீம் அதற்கு முன்பே, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அந்த மாதிரி ஆட வைத்தார் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். பெரியப்பா இந்த விஷயத்தில் சண்டைக்கே வருவார். நான் பெரியப்பா பக்கம்.

வாத்தியாரிடம் பணம் இல்லை, வசதி இல்லை. யோசனை இருந்தது, அதைப் பதினோரு பேரின் காலில் ஏற்றும் பொறுமை இருந்தது. இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நெபுலைசர் சத்தம்.

டிசம்பர் 22

அண்ணன், பெரியப்பாவின் மகன், டல்லாஸிலிருந்து பேசினான். சென்னைக்குக் கூட்டிப் போயிடலாமா என்கிறான். பெரியப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றார். பிறந்தது செகந்திராபாத், பேசுவது நான்கு பாஷை, சென்னையில் யாரைத் தெரியும் அவருக்கு? அண்ணனுக்கு அங்கிருந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு போன் பேசி முடித்த பிறகும் பெரியப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு குறைகிறது.

இன்சூரன்ஸ் கவுன்டரில் இரண்டு மணி நேரம். எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 23

தங்கராஜ். இன்று தானாகவே ஆரம்பித்தார்.

பீட்டர் தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்த தமிழர், ஆறடிக்கு மேல் உயரம். பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடினார். முதலில் சென்டர் ஃபார்வர்டாம், பிறகுதான் கோல் காக்கப் போனார். அந்த அணி 1955இலும் 58இலும் டூராண்ட் வென்றது. ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். எங்கள் கன்டோன்மென்ட் தமிழ் வீடுகளில் அவர் பெயரைச் சொல்லும்போது ஒரு குரல் வரும், சொந்த அண்ணன் பையனைச் சொல்வதுபோல. பெரியப்பாவுக்கு இன்றும் அந்தக் குரல்தான். "கையை விரிச்சா இந்தப் போஸ்ட்லேருந்து அந்தப் போஸ்ட்" என்று இரண்டு கையையும் விரிக்கப் பார்த்தார். டிரிப்ஸ் ஏறும் கை, பிடித்து இறக்கிவிட்டேன்.

1962 ஜகார்த்தாவில் தங்கராஜுக்குக் காய்ச்சல், உடம்பு சரியில்லை. முன் ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் நன்றாகவே கோல் காத்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜைத்தான் இறக்கினார். கொரியர்கள் உயரப் பந்தாக அடிப்பார்கள், உயரமான ஆள் வேண்டும் என்ற கணக்காக இருக்கலாம். ஆனாலும் காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பி நிற்க வைக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும். நம்பினார், அவ்வளவுதான்.

டிசம்பர் 25

வார்டில் கேக் கொடுத்தார்கள். லேப் விடுமுறை.

டிசம்பர் 26

தெலங்கானா காலிறுதிக்குக்கூட வரவில்லை. சந்தோஷ் டிராபி சொந்த ஊரில் நடக்கிறது, சொந்த அணி வெளியே. 1956-57, 57-58, தொடர்ந்து இரண்டு முறை ஐதராபாத் வென்ற கோப்பை இது. பெரியப்பாவிடம் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "ஜகார்த்தா சொல்லு" என்றார்.

சொன்னேன். அவருக்கு மனப்பாடம், நான் சொல்லிக் கேட்க வேண்டும் அவருக்கு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல் போட்டார்கள். அவர் பின்களத்தில் ஆடுகிறவர். தையல் போட்ட தலையோடு அந்த ஆளைக் கொண்டுபோய் ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக அடித்தார், இறுதியிலும் அடித்தார்.

செப்டம்பர் 4. ஒரு லட்சம் பேர் கூடிய செனயான் மைதானம், மொத்தமும் இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அப்படியென்றால் இது ஆசிய விளையாட்டே இல்லை என்று இந்தியாவின் ஜி.டி. சோந்தி பேசியதில் ஊரே கொதித்துப்போயிருந்தது. நம் தூதரகத்தைத் தாக்கியிருக்கிறார்கள். அந்தக் கூச்சலுக்குள்ளே பி.கே. பானர்ஜி பதினேழாவது நிமிடத்தில் ஒன்று, கொஞ்ச நேரத்திலேயே ஜர்னைல் ஒன்று. கொரியா கடைசியில் ஒன்று போட்டது. 2-1. தங்கம். சுனி கோஸ்வாமி கேப்டன்.

இங்கே நிறுத்திவிடுவேன். எப்போதும் இங்கேதான் நிறுத்துகிறேன். அடுத்த வருடம் ஜூனுக்கு நான் போவதில்லை, அவரும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

டிசம்பர் 27

ரிப்போர்ட் வரவில்லை. நாளை சனி.

டிசம்பர் 29

கச்சிபௌலியில் இன்று இரண்டு அரையிறுதிகள். வங்காளம் சர்வீசஸை 4-2, கேரளம் மணிப்பூரை 5-1. போனைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பெரியப்பா ஸ்கோரைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் விரலால் திரையைத் தொட்டு, "பார், பந்தை வலதுக்கு மாத்திக்கறான்" என்றார். அப்புறம் எனக்கும் அதுவே கண்ணில் பட ஆரம்பித்தது. இடது காலில் வந்த பந்தை வலதுக்கு மாற்ற ஒரு நொடி. அந்த ஒரு நொடியை மிச்சப்படுத்தத்தான் ஒரு வாத்தியார் போட்டி நடத்தினார்.

பக்கத்துப் படுக்கை அம்மாவின் மகன் வந்து கூட நின்று பார்த்தான். கல்லூரிப் பையன், மான்செஸ்டர் சிட்டி ரசிகன், கார்டியோலா பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். இந்த ஊர்க்காரன். ரஹீம் என்ற பெயரைக் கேட்டதில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள்? பெரியப்பா அவனிடம் உருதுவில் மெல்போர்ன் ஆரம்பித்தார். 1956, ஒலிம்பிக்கில் நான்காவது இடம். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2. நெவில் டிசூசா மூன்று கோல், ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியாக்காரர் அடித்த முதல் ஹாட்ரிக். அந்த அணியில் பின்னால் அஜீஸ், பிறகு நூர், லத்தீஃப், சலாம், ஜுல்ஃபிகர், அகமது உசேன், பலராம். எல்லாம் இந்த ஊர்ப் பையன்கள். பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. பையன் தன் போனில் எழுதிக்கொண்டான், எனக்கு அது சந்தோஷம்.

டிசம்பர் 31

இறுதி ஆட்டம். கூடுதல் நேரம் வரும் என்று இருந்தபோது இஞ்சுரி டைமில் ராபி ஹன்ஸ்டா அடித்தார். வங்காளம் 1, கேரளம் 0. அவர்களுக்கு 33வது முறை. நன்றாக ஆடினார்கள், வாங்கிக்கொள்ளட்டும்.

வெளியே பட்டாசு. பெரியப்பா மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ரஹீம் சாப் ஜகார்த்தா போகும்போதே தெரியும்."

என்ன தெரியும் என்று கேட்கவில்லை. நுரையீரல். ஜகார்த்தாவில் இருமிக்கொண்டே பயிற்சி கொடுத்தார். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பையன்களிடம் எனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளை தங்கம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1963 ஜூன் 11இல் போய்விட்டார். வயது 53. பரிசோதனை எப்போது நடந்தது, யார் சொன்னார்கள் என்பதெல்லாம் வேறு. தெரிந்தேதான் போனார் என்பது பெரியப்பா கட்சி. "தெரியாம ஒருத்தன் அப்படிக் கேக்கமாட்டான்" என்றார்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க்கை மாட்டிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தான், தூங்குகிறார் என்றேன்.

ஜனவரி 2

தூக்கமில்லை. பலராம் ஞாபகம். பொல்லாரம் பக்கத்தில் அம்முகுடா, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பூட்ஸ் வாங்க வழியில்லாமல், போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சரிசெய்து ஆடியவர். ரஹீம் கண்டெடுத்த பையன். பி.கே., சுனி, பலராம் என்று மூன்று பேரையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். அவரும் நுரையீரல் கோளாறால்தான் 1963இல், இருபத்தேழு வயதுக்குள், ஆட்டத்தை விட்டார். ஆனால் அவர் 2023 பிப்ரவரி வரை இருந்தார். 86 வயது. இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியும்.

எல்லாம் எப்படி முடிந்தது என்பதை இரவு யோசித்தேன். திடீரென்று முடியவில்லை. ரஹீம் போன பிறகும் 64 ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம். 70 பாங்காக்கில் வெண்கலம், அந்த அணிக்குக் கேப்டன் நயீமுத்தீன், அவரும் ஐதராபாத்தான். தயாராக இருந்த ஆட்கள் தீரும்வரை ஓடியது. பிறகு புது ஆட்கள் வரவில்லை. கெட்டிக்காரப் பையன்கள் கொல்கத்தா பெரிய கிளப்களுக்குப் போனார்கள் என்பார்கள். போனார்கள்தான், கண்ணனும் போனார், பலராமும் போனார். ஆனால் ரஹீம் இருந்த காலத்திலும் போய்க்கொண்டுதானே இருந்தார்கள்? அவர் அடுத்த பையனைத் தேடிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைந்தார். அந்த அலைச்சலை எடுத்துச் செய்ய இன்னொருவர் வரவில்லை, சங்கத்துக்கு அது தேவை என்றும் தோன்றவில்லை. நான் குறை சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். ரோவர்ஸ் கோப்பையே இன்று இல்லை.

ஜனவரி 3

ரிப்போர்ட் வந்துவிட்டது. நாளை பதினோரு மணிக்கு டாக்டர் பேசுவார். "ஃபேமிலி மட்டும்" என்றாள் ரிசப்ஷனில். அண்ணன் மெசேஜ்: முதலில் நாம் கேட்டுக்கொள்வோம், அப்பாவிடம் பிறகு பார்த்துச் சொல்லலாம்.

பெரியப்பா ஷேவிங் செட் கொண்டுவரச் சொன்னார்.

ஜனவரி 4

எட்டு மணிக்கே ஷேவிங் முடிந்தது, சட்டை மாற்றினார். ஆக்சிஜன் 91. அந்தக் கல்லூரிப் பையன் வந்து நூர் முகமதுவின் படம் ஒன்று தேடி எடுத்திருப்பதாகக் காட்டினான். பெரியப்பா கண்ணாடி போட்டுப் பார்த்து, இது நூர் இல்லை, ஆனா இவனும் நல்லா ஆடுவான் என்றார். யார் என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பிறகு என்னிடம், "டாக்டரை இங்கேயே வரச் சொல்லும்மா. எங்கிட்டேயே சொல்லட்டும், தெலுங்குல சொன்னாலும் சரி, இங்கிலீஷ்ல சொன்னாலும் சரி."

அண்ணனுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் பேசினோம், கத்தினான், அழுதான். கடைசியில் சரி என்றான். வீடியோ காலில் இருப்பான். நர்ஸிடம் போய் நோயாளியின் முன்னால்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன், எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். டாக்டர் இரண்டாவது மாடியில் ரவுண்ட்ஸில் இருக்கிறாராம்.