‘குழந்தையின் நலன் கருதி’ எனக்கே மறுக்கப்பட்ட என் கோப்பு

2024 ஆகஸ்டில் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. நான் கேட்ட விவரங்கள் மூன்றாம் நபரான ஒரு குழந்தையைப் பற்றியவையாம். குழந்தையின் நலன் கருதித் தர இயலாதாம். அந்தக் குழந்தை நான்தான். அப்போது வயது முப்பத்திரண்டு. கோத்தகிரியில் ஒரு பேக்கரியில் வர்க்கி சுடுகிறேன்.

ஐந்து வயது முதல் பதினெட்டு வரை சமவெளியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். ஊரையும் இல்லத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன்; அங்கே இப்போதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹோமில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை. மணி, வரிசை, நன்கொடை தருபவர் வந்தால் பாட்டு, எல்லோருக்கும் ஜூன் முதல் தேதியில் பிறந்தநாள். 2010-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தேன். பேக்கரி வேலை மலைக்குக் கூட்டிவந்தது.

மகனுக்கு ஐந்து வயதான மாதத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்த நான்கு பன்களை என் மனைவி எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். “நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறவர் பன்னை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?” என்னிடம் பதில் இல்லை. ஒளித்து வைத்தது நினைவிலேயே இல்லை.

இரவு வேலை முடிந்து இரண்டு மணிக்கு 14416-க்குக் கூப்பிட்டேன். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். எதிர்முனையில் இருந்த பெண் அவசரப்படுத்தவில்லை. நேரில் தொடர்ந்து பேச மாவட்ட மனநலத் திட்டக் குழுவைப் பாருங்கள் என்றார். இதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று.

மே மாதத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிலேயே உள்ள ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்த அதே மே. உள்ளூர் பஸ்ஸுக்கு அது தேவையில்லைதான், ஆனால் பாஸ் வாங்கிவந்த கார்கள் எல்லாம் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால்தான் நின்றன. ஒன்றேகால் மணி நேரப் பயணம் மூன்று மணி நேரம் ஆயிற்று. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் அப்பா பெயர் கேட்டார்கள். தெரியாது என்றேன். “தெரியாதா? இறந்துவிட்டாரா?” அதுவும் தெரியாது என்றேன். “அப்பா பெயர் தெரியாமல் எப்படி?” என்று அவர் குரலை உயர்த்தியபோது வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பயத்தில் என் முதலாளியின் பெயரைச் சொல்லிவிட்டேன். பிறகு உள்ளே போனால், மனநல மருத்துவர் இன்று வேறு ஊருக்குப் போகும் நாள், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். கூடவே, “துணைக்கு ஆள் இல்லாமல் வராதீர்கள்” என்று ஓர் அறிவுரை.

துணைக்கு ஆள் இருந்தால் நான் ஏன் அங்கே போகப் போகிறேன்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனநலக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கு நாள் வைத்துத்தான் போகும். போன் செய்து கிழமையைக் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். துணை ஆள் வேண்டும் என்று சொன்னால் வயது வந்தவன், தனியாகத்தான் வந்தேன் என்று சொல்லி நில்லுங்கள். அடுத்த வியாழன் நான் நின்றேன், உள்ளே அனுப்பினார்கள். ஆதாரில் அப்பா பெயருக்குப் பதில் இல்லத்தின் மேற்பார்வையில் என்று இருப்பவர்கள் அதைக் காட்டலாம். ஆனால் முதலாளி பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். என் மருத்துவப் பதிவில் இன்றுவரை அவர் என் தந்தை. அவருக்கு என்னைவிட ஆறு வயதுதான் அதிகம்.

உளவியல் ஆலோசகர் ஒரு நடுவயதுப் பெண்மணி. முதல் நாளே நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். உங்களுக்கு நடந்தது என்ன, உங்களிடம் சொல்லப்பட்டது என்ன, இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி வாருங்கள் என்றார். நடந்தது என்ற தாள் பாதிகூட நிரம்பவில்லை. ‘உனக்கு யாரும் இல்லை’ என்பது எந்தத் தாளில் வரும் என்று கேட்டார். கோப்பைத் தேடும் எண்ணம் அன்று வந்ததுதான்.

இல்லத்துக்குப் போன் செய்தேன். பழைய பதிவேடுகள் மழையில் கெட்டுப்போயின என்றார்கள். நான் வளர்ந்த மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலகத்துக்கு நேரில் போனேன். மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ். அங்கே ஒருவர் என் வயதைக் கேட்டார். சொன்னேன். “பதினெட்டு தாண்டினால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. நீங்கள் சேர்ந்தது 1997 என்கிறீர்கள், அப்போது இந்த அலுவலகமே கிடையாது.” இரண்டாவது பாதி உண்மைதான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் 2009-ல் வந்த திட்டத்தின் கீழ் உருவானவை. ஆனால் 2006-ல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தியபோது இல்லங்கள் பதிவு செய்துகொள்வது கட்டாயமானது. அதற்குப் பிறகு ஒருநாள் எங்களை வேனில் ஏற்றி, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவு செய்யும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தினார்கள். மறக்க முடியாத நாள், ஏனென்றால் திரும்பி வரும்போது பரோட்டா வாங்கித் தந்தார்கள். அந்தப் பரோட்டாவை வைத்துத்தான் அரசிடம் ஒரு கோப்பு இருக்கும் என்று கண்டுபிடித்தேன்.

ஜூலையில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்தது, மேலே சொன்ன பதில். தவறு பாதி என்னுடையது. ‘இல்லத்தில் இருந்த இன்னாருடைய கோப்பு’ என்று மூன்றாம் மனிதனைப் போல எழுதியிருந்தேன். மேல்முறையீட்டில் முதல் வரியே ‘அந்தக் குழந்தை நானே’ என்று எழுதி, ஆதார் நகலையும், இல்லத்து முகவரி உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலையும் வைத்தேன். பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அந்த அட்டை இல்லாவிட்டால் இன்னும் ‘வரவில்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அக்டோபரில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பதினோரு பக்கம். தனியாகத் திறக்காதீர்கள், இங்கே கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்க்கலாம் என்று ஆலோசகர் இரண்டு முறை சொல்லியிருந்தார். மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் டீ வாங்கிக்கொண்டு திறந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் 1997 சேர்க்கைப் படிவத்தின் நகல் இருந்தது. ஒப்படைத்தவர்: தாய். அதற்குக் கீழே இடது பெருவிரல் ரேகை. நகலின் நகல் என்பதால் ரேகைக் கோடு ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக ஒரு பொட்டு. கோத்தகிரி பஸ் இரண்டு என் கண் முன்னால் புறப்பட்டுப் போயின. கடைசி பஸ்ஸுக்கு யார் என்னை ஏற்றிவிட்டார்கள் என்று நினைவில்லை. ஆலோசகர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை அவர் அந்தப் பக்கத்தை எடுத்து அடியில் வைத்துவிட்டு ஏழாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். அதில் வார்டன் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘இரவில் ரொட்டியை ஒளித்து வைக்கிறான். கண்டிக்கப்பட்டான்.’ நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். அம்மாவைத் தேடுவதா என்ற பேச்சு அதற்கு நான்கு வாரம் கழித்துத்தான் வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அவர் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

ஆஸ்திரேலியாவில் இல்லங்களில் வளர்ந்தவர்களிடம் 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார் என்று ஓர் இரவு படித்தேன். அங்கே கோப்பைத் தேடித் தருவதும் ஆலோசனையும் ஒரே சேவையில் கிடைக்கின்றனவாம். பொறாமையாக இருந்தது. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஓ.பி. சீட்டில் அப்பா பெயர்க் கட்டத்தை எடுத்தால் போதும்.

இன்னும் இல்லத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: பதினெட்டு முடியும் முன்பே குழந்தைகள் நலக் குழுவிடம் பிற்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகு கிடைக்கும் உதவி, கேட்டு எழுதிக் கொடுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு அதற்குத்தான். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், வழக்கமாக 21 வயது வரை. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. வெளியே வரும்போதே கோப்பின் நகலையும் கேளுங்கள். கிடைத்தால் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவையுங்கள். மலையில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்படிப் பக்கம் வைப்பது நல்லது. பீரோவுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.