கயிற்றுத் தடையில் ஒரு 163 சிசி பெட்ரோல் இன்ஜின்

ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் இரண்டு எண்கள் முக்கியமானவை. நிமிடத்துக்கு 3600 சுற்றில் 3.6 கிலோவாட் திறன் என்பது ஒன்று; 2500 சுற்றில் 10.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது தண்டைச் சுழற்றும் விசை, என்பது மற்றொன்று. வாங்குபவர்கள் முதல் எண்ணையே கேட்கிறார்கள். சுமை ஏறும்போது இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய இரண்டாவது எண்ணே வழிகாட்டுகிறது என்பதை, கயிற்றின் உராய்வால் இன்ஜினுக்குச் சுமை ஏற்றி, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடத்திவரும் சோதனையில் கண்ணால் பார்த்தேன்.

சுமை ஏற்றுவதற்கு முன் இன்ஜினின் உடல்நிலையைத் தெரிந்துகொள்வது அவசியம். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக் கம்ப்ரஷன் கேஜில் அளவு பார்ப்பது இங்கே போதாது. எளிதில் ஸ்டார்ட் ஆவதற்காக, குறைந்த சுற்றில் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு இதன் கேம் ஷாஃப்டில் இருப்பதால், நல்ல இன்ஜினும் குறைந்த அழுத்தத்தையே காட்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் அசையாமல் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றைச் செலுத்திச் செவிகொடுத்துக் கேட்பதே நம்பகமான வழி. கார்புரேட்டரில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வும், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்கும் கசிகின்றன என்று பொருள். இந்த இன்ஜினில் ரிங் வழியே மட்டும் மெல்லிய கசிவு இருந்தது. ஓடிப் பழகிய இன்ஜினுக்கு அது இயல்பானதே.

அளக்கும் கருவி, பாலிடெக்னிக் ஆய்வகங்களில் காணப்படும் கயிற்றுத் தடைதான். 1821-இல் பிரான்ஸின் காஸ்பார் த புரோனி வகுத்த தடையின் எளிய வடிவம் அது. 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு டிரம்மை லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, பாதி வேகத்தில் சுழலுமாறு வி-பெல்ட்டால் இன்ஜினோடு இணைத்தேன். இன்ஜின் தண்டிலேயே நேராகப் பொருத்தினால், 3600 சுற்றில் டிரம்மின் விளிம்பு நொடிக்கு 47 மீட்டர் வேகத்தில் ஓடும். வீட்டில் செய்த அமைப்புக்கு அது ஏற்றதல்ல. டிரம்மின் மேல் 12 மில்லிமீட்டர் பருத்திக் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, மறுமுனையை ஸ்பிரிங் தராசில் மாட்டினேன். நைலான் கயிறு சூட்டில் உருகிவிடும். இன்ஜின் தரும் திறன் முழுவதும் டிரம்மில் வெப்பமாக மாறுவதால், விளிம்பின் உட்புறப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கவேண்டும், 2.5 கிலோவாட் சுமையில் நிமிடத்துக்கு 65 மில்லி அளவுக்கு ஆவியாகிப் போகும். கார்பன் மோனாக்சைடு புகையை எண்ணி எல்லாவற்றையும் திறந்த வெளியிலேயே செய்கிறேன்.

எடைக்கும் தராசு காட்டும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை நிகர இழுப்பு எனலாம். டிரம்மின் ஆரத்தோடு கயிற்றின் பாதித் தடிமனையும் சேர்த்த 131 மில்லிமீட்டரால், நியூட்டனாக மாற்றிய அந்த இழுப்பைப் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். சுமையின்றி டிரம் 1850 சுற்றில் ஓடியது. 3 கிலோ இழுப்பில் 1800, 9 கிலோவில் 1710 என மெதுவாகவே வேகம் குறைந்தது. பெல்ட் சற்று நழுவுவதால் இன்ஜினின் சுற்று இவற்றின் இருமடங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இந்தப் பகுதியில் அளக்கப்படுவது இன்ஜினின் வலிமை அன்று, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற அமைப்பின் வேலை. சுமை ஏற ஏற, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை அது திறந்துகொண்டே போவதை, கார்புரேட்டரின் பக்கவாட்டு நெம்புகோல் நகர்வதிலிருந்து காணலாம். அந்த நெம்புகோல் தன் எல்லையைத் தொட்ட பிறகு வரும் அளவுகளே இன்ஜினுடையவை.

13.5 கிலோவில் நெம்புகோல் எல்லையில் நின்றது. டிரம் 1500 சுற்று, திறன் 2.7 கிலோவாட். இன்னும் அரைக் கிலோ மட்டும் கூட்டி 14 ஆக்கியதும் வேகம் 1300-க்கு இறங்கி நிலைத்தது. அதற்குமேல் சிறிது கூட்டினாலும் இன்ஜின் தள்ளாடி நின்றுவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் என்னை வியக்கவைக்கும் இடம் இதுதான். கயிற்றின் உராய்வு வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. உச்ச முறுக்குவிசைக்கு மேலான வேகங்களில், சுற்று குறையும்போது இன்ஜினின் இழுப்பு கூடுகிறது. ஆகவே சுமை ஏறினாலும் அது தன்னைத் தாங்கிக்கொள்கிறது. உச்சத்துக்குக் கீழே சுற்று குறைந்தால் இழுப்பும் குறைவதால், சரிவைத் தடுக்க எதுவும் இல்லை. டிரம்மின் 1300-க்கு இணையான 2600 சுற்றை ஒட்டி இன்ஜின் அணைவது பழுது ஆகாது. விவரத்தாள் சொல்லும் 2500 சுற்று என்ற உச்சத்தை அது தானே காட்டித் தருகிறது.

14 கிலோ என்பது டிரம்மில் 18 நியூட்டன் மீட்டர்; டிரம்மைவிட இருமடங்கு வேகத்தில் சுழலும் இன்ஜின் தண்டில் அதன் பாதி, 9. பெல்ட்டின் இழப்பாக 5 விழுக்காடும், கோவையின் சுமார் 400 மீட்டர் உயரத்திலும் அன்றைய 34 டிகிரி வெப்பத்திலும் மெலிந்த காற்றுக்காக இன்னொரு 5 விழுக்காடும் சேர்த்தால் 10-ஐ நெருங்குகிறது. இதில் பெல்ட்டின் இழப்பு மட்டும் என் மதிப்பீடு என்பதால், இந்த ஒப்புமையை நிரூபணமாக நான் கொள்ளவில்லை.

எரிபொருளை அளக்க, சூடான சைலன்சரிலிருந்து விலக்கி நிறுத்திய பியூரெட் என்ற அளவுக் குழாயும் ஸ்டாப்வாட்சும் போதும். 50 மில்லி பெட்ரோல் சுமையின்றி 310 நொடிகளும், 3 கிலோ இழுப்பில் 230 நொடிகளும், 13.5 கிலோவில் 122 நொடிகளும் நீடித்தது. ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்கிட்டால் குறைந்த சுமையில் ஏறத்தாழ 800 கிராம், முழுச் சுமையில் 400 கிராம். பெட்ரோலின் வெப்பத்தில் பயனாவது முறையே 10 விழுக்காடும் 21 விழுக்காடும். வெறுமனே ஓடும்போதே, முழுச் சுமைக்கான பெட்ரோலில் ஐந்தில் இரண்டு பங்கைத் தன் உராய்வுக்கும், மூடிய த்ராட்டில் வழியே காற்றை இழுக்கும் உழைப்புக்கும் இன்ஜின் செலவிடுகிறது. சிறு வேலைக்குப் பெரிய இன்ஜினைப் பூட்டுவோர் இந்தக் கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்து பெல்ட்டை நீக்கி, 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு டிரம் ஒன்றைத் தண்டிலேயே பொருத்த எண்ணியுள்ளேன். விளிம்பு வேகம் 28 மீட்டரைச் சற்றே தாண்டும் என்பதால், தடித்த இரும்புக் காப்புறை முடிந்த பின்னரே அதை ஓட்டுவேன்.